கொழும்பு ஈரத்துக்கு எந்த பைனாகுலர்: அக்யூலானா, பி3 ஆ?

பறவை பார்க்க முதன்முதலாக பைனாகுலர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். கடைக்காரரும் அதற்கேற்றாற்போல 20, 30 என்று அச்சடித்த பெட்டியை எடுத்து முன்னால் வைப்பார். காசு வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர். தலங்கம, தியசரு, பெத்தகான, பெல்லன்வில–அத்திடிய ஈரநிலங்கள் எல்லாம் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அங்கே இலைக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் பெரும்பாலும் கரையிலிருந்து 20, 30 மீற்றருக்குள்ளேயே மேயும். அதற்கு 8 மடங்கு தாராளம்: 40 மீற்றரில் நிற்கும் பறவை 5 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும்.

ஆகவே இங்கே எடைபோடுவது 20, 30 ஐ அல்ல, குறைந்த செலவில் கிடைக்கும் இரண்டு 8×42 கருவிகளை. ஒன்று நிக்கோன் அக்யூலான் ஏ211. மற்றது நிக்கோன் ப்ரோஸ்டாஃப் பி3. வெளிநாட்டுச் சந்தையில் அக்யூலான் 100 டொலரை ஒட்டியும் பி3 அதற்குச் சற்று மேலேயும் விற்கும். கப்பற்கூலி, வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் ஏறி ரூபாவில் எங்கே வந்து நிற்கும் என்பது கடைக்குக் கடை மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கேயும் பெரிதாக இராது. அதனால்தான் எதை எடுப்பது என்ற குழப்பமே வருகிறது.

8×42 என்பதில் 42, முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 42 ஐ 8 ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் திறந்திருக்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் 5 வரை விரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது காலை 6 மணியிலிருந்து எட்டரை வரை. சட்டைப்பையில் அடங்கும் 10×25 கருவியில் இந்தக் கற்றை 2.5 மில்லிமீற்றர்தான், ஆகவே மங்கலான நேரத்தில் நாணலுக்குள் நிற்கும் குருட்டுக்கொக்கு வெறும் நிழலாகவே தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கைநடுக்கமும் அதே மடங்கில் பெருகும். 10 க்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் முடியாது.

இனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பைனாகுலருக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டிக்கு அரியம் என்று பெயர்; போரோ, ரூஃப் என்பவை அதன் இரண்டு வகை. அக்யூலான் பழைய பாணியிலான போரோ வகை. கண் வைக்கும் குழாய் உள்ளே தள்ளியும் முன்வில்லை வெளியே விலகியும் இருக்கும். எடை 755 கிராம். ஆயிரம் மீற்றர் தூரத்தில் 140 மீற்றர் அகலத்தைக் காட்டும். ஆகக் கிட்டத்தில் குவியும் தூரம் 5 மீற்றர். பி3 நேர்க்குழாய் கொண்ட ரூஃப் வகை. 565 கிராம், 126 மீற்றர், 3 மீற்றர்.

படத்தை மட்டும் பார்த்தால் அக்யூலான் வெல்லும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போரோ அரியத்துக்குள் ஒளி எல்லாப் பக்கங்களிலும் முழுவுட்தெறிப்பு அடைகிறது, அதாவது வெளியே கசியாமல் முழுக்க உள்ளேயே திரும்புகிறது, ஆகவே ஒளியைத் திருப்பும் பூச்சே தேவையில்லை. பி3 இல் இருப்பது போன்ற ரூஃப் அரியத்தில் ஒரு பக்கம் முழுவுட்தெறிப்பு அடையாது. அங்கே உலோகப் பூச்சு பூசியே ஆகவேண்டும். அலுமினியம் பூசினால் ஒளியில் பத்திலொரு பங்கு அங்கேயே போய்விடும். பி3 இல் இருப்பது வெள்ளிக் கலவைப் பூச்சு, அதனால் இழப்பு குறைவு. அதோடு ரூஃப் அரியத்தின் கூரை விளிம்பு ஒளியை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும்போது கூர்மை சற்றே கெடும். அதைச் சரிசெய்வதுதான் ஃபேஸ் கோட்டிங். நிக்கோனில் அது வேண்டுமென்றால் அதே ப்ரோஸ்டாஃப் வரிசையில் மேலான பி7 க்கு ஏறவேண்டும், 200 டொலர் அளவில். பறவையின் இறகு வரிகளை எண்ணிப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். மற்றவர்கள் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் கண்டுகொள்வார்கள்.

அப்படியானால் மலிவானதும் படம் நல்லதுமான அக்யூலானை எடுத்துவிடலாமே? கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. கொழும்பில் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

அக்யூலானில் ஃபோகஸ் சில்லை உருட்டும்போது கண்பக்கத் துண்டு இரண்டும் வெளியே வந்து உள்ளே போகும். ஒவ்வொரு உருட்டலும் ஒரு துருத்தி அடி மாதிரி: வெளியே வரும்போது காற்றை உள்ளே இழுக்கும். இழுபடுவது கொழும்புக் காற்று, ஈரப்பதன் வருடம் முழுக்க 75, 80 சதவீதம் என்று நிற்கும் காற்று. கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்க 65, 70 தாண்டினாலே போதும். முதலில் அரியத்தின் ஓரத்தில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரியும். அது வெறும் அழுக்கல்ல. அதிலிருந்து வரும் அமிலம் பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். துடைத்து எடுத்தாலும் தடம் போகாது. போரோவைக் கழற்றித் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டினால் இரண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் நிற்கவும் வேண்டும். அதைச் சரியாகச் செய்து தருபவருக்குக் கொடுக்கும் கூலி, புதுக் கருவியின் விலைக்குக் கிட்டப் போய்விடும்.

பி3 இல் ஃபோகஸ் உள்ளேயே நகரும், வெளியே எதுவும் அசையாது. உள்ளே காற்றுக்குப் பதிலாக நைதரசன் நிரப்பி, வளையங்கள் வைத்து அடைத்திருக்கிறார்கள். 1 மீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் தாங்கும் என்பது நிறுவனத்தின் அளவு. பத்தரமுல்லைப் பக்கம் திடீரென்று கொட்டும் பின்னேர மழைக்கு இது போதும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் வெளிவில்லையில் ஆவி படியும். அது இரண்டிலும்தான், பையை மூடியபடி 15 நிமிடம் வைத்திருந்தால் படியாது. அடைப்பில்லாத கருவியில் அந்த ஆவி உள்ளேயும் படியும், அங்கே துணி எட்டாது. காலி முகத்திடல் போன்ற கடற்கரையில் பாவித்தால் பி3 ஐ மெல்லிய குழாய்த் தண்ணீரில் கழுவி உப்பை எடுத்துவிடலாம். அக்யூலானை ஈரத்துணியால் ஒற்றத்தான் முடியும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இவ்வளவு யோசனையும் தேவையில்லை. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே எவ்வளவு தூரம் விட்டால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. கண்ணாடியோடு பார்க்க 15 மில்லிமீற்றராவது வேண்டும். அக்யூலானில் அது 12 அளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் 140 மீற்றர் அகலம் என்ற பெருமை முழுக்கக் கிடைக்காது, ஓரமெல்லாம் வெட்டுப்படும். பி3 இல் 20.2. கண்ணாடி போடுபவர் றப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைத்துப் பார்க்கவேண்டும். போடாதவர் முறுக்கி மேலே ஏற்றவேண்டும். ஏற்றாமல் பார்த்துவிட்டு "கறுப்புக் கறுப்பாக நிழல் வருகிறது, பழுது" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. பழுது கருவியில் இல்லை.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் அடுக்கியிருக்கும் மலிவுப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்வில்லை மாணிக்கம் போலச் சிவப்பாகப் பளபளத்தால் தொடாதீர்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும் பூச்சு அது. படம் பச்சையும் நீலமுமாய் மங்கும், மீன்கொத்தியின் அலகு நிறமே மாறிப்போகும். "10–180 ஸூம்" என்று எழுதியிருந்தால் அது எண் மட்டுந்தான். பெட்டியில் உள்ள எண் உண்மையா என்று கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு அடிமட்டம் போதும். கருவியை ஒரு கை தூரத்தில் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திருப்பினால் கண்பக்க வில்லையில் ஒரு ஒளிப்பொட்டு தெரியும். அதன் விட்டத்தை அளந்து, முன்வில்லையின் விட்டத்தை அதனால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மடங்கு, குழாய்க்குள் ஒளியை மறைக்கும் வளையம் இல்லாதவரை. "30×60" என்று எழுதி, முன்வில்லை 24, ஒளிப்பொட்டு 3 என்றால் நீங்கள் வாங்குவது 8×24. அந்த ஒளிப்பொட்டு போரோவில் முழு வட்டமாக இருந்தால் பேக்-4 என்ற நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் பூத்துச் சதுரமாகத் தெரிந்தால் தரம் குறைந்த பிகே7.

நல்ல மாடலிலும் ஒருசில கருவிகளில் பிழை இருக்கும். பெட்டியில் அடைத்ததை அப்படியே வாங்காமல், கடை வாசலுக்கு எடுத்துவந்து தூரத்தில் ஒரு கிடைக்கோட்டைப் பிடியுங்கள். மின்கம்பி, மாடிக் கட்டடத்தின் மேல்விளிம்பு, எதுவானாலும் சரி. வலக்குழாயின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மறைத்து, நடுச்சில்லால் இடக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். கண்ணை மூடவேண்டாம், மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கும். பிறகு இடக்குழாயை மறைத்து, வலக்கண்பக்கத்து டயோப்டர் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் முடிவு வரை போயும் கூர்மை வராவிட்டால் அந்தக் கருவியை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். அடுத்து, அதே கோட்டைப் பார்த்தபடி கருவியை மெதுவாகக் கண்ணிலிருந்து 10 சென்ரிமீற்றர் விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் குழாய்கள் விலகியிருக்கின்றன. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும்போது மூளை அதைச் சமாளித்துவிடும், அதனால் கடையில் தெரியாது. பத்து நிமிடத்தில் தலையிடிதான் சொல்லும். அக்யூலானில் இன்னொன்று: கண்பக்கத் துண்டுகளை விரலால் அழுத்தினால் அவற்றை இணைக்கும் பாலம் வளைந்து ஃபோகஸ் விலகுகிறதா என்று பாருங்கள். சிறிது வளையும். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் வாங்கவேண்டாம்.

உத்தரவாத அட்டையில் உள்ளூர் முகவரின் முத்திரையும், கருவியின் தொடர் இலக்கமும் இருக்கிறதா என்று பார்த்து, பற்றுச்சீட்டிலும் அந்த இலக்கத்தை எழுதி வாங்குங்கள். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் சூட்கேஸ் இறக்குமதியில் அந்த அட்டை வெறும் காகிதம்.

எங்கள் தெரிவு பி3. குளிரூட்டிய அறையில் உலர்பெட்டி வைத்திருப்பவர், கண்ணாடி போடாதவர், 190 கிராம் கூடுதல் எடையைக் கழுத்தில் சுமக்கத் தயாரானவர் என்றால் அக்யூலானை எடுக்கலாம். கொடுத்த காசுக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. பி3 இல் பிடிக்காதது கூட வரும் கழுத்துப்பட்டி. மெல்லியது, வியர்வையில் அறுக்கும். தோளில் குறுக்காக மாட்டும் பட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கூட வரும் துணிப்பையிலோ தோல் உறையிலோ அலுமாரிக்குள் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். றப்பர் விளிம்புள்ள 5 லீற்றர் உணவுப்பெட்டி ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40 க்கும் 50 க்கும் இடையில் நின்றால் சரி. செம்மஞ்சள் மணி பச்சையாக மாறியதும் 110 பாகை அடுப்பில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பவும் செம்மஞ்சளாகும். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ற் இருக்கிறது, அதைச் சமையல் அடுப்பில் வைக்கவேண்டாம். வில்லையில் தூசி படிந்தால் முதலில் ஊதுகுமிழ், பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. சாரத்தின் நுனியால் காய்ந்தபடி தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பது மாதிரி. சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசிக்குள் புதைத்து வைக்கும் வீட்டு யோசனையும் வேண்டாம். அரிசி ஈரத்தை மந்தமாகவே இழுக்கும், அதன் தூள் மட்டும் ஃபோகஸ் சில்லின் இடுக்கில் வேகமாகப் புகுந்துவிடும்.