ஆர்க்யூ பிளஸ்: ஆய்வை எடைபோடும் கனடியக் கருவி எப்படி இருக்கிறது?

ஏழை நாடுகளில் நடக்கும் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் பல அமைப்புகள் கடைசியில் கேட்பது இதைத்தான்: எத்தனை கட்டுரை வந்தது, எந்த ஜர்னலில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்? இந்தக் கணக்கில், உள்ளூர் மொழியில் எழுதி மாவட்ட அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த நல்ல அறிக்கைக்கு மதிப்பெண் சுழியம். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ரிசர்ச் குவாலிட்டி பிளஸ், சுருக்கமாக ஆர்க்யூ பிளஸ். 1970-ல் கனடா நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம் (ஐ.டி.ஆர்.சி), தான் நிதி கொடுத்த ஆய்வுகளை மதிப்பிட இதை உருவாக்கியது. ஆவணங்கள் இலவசம். வேறு அமைப்புகளும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்தலாம்.

தரத்தை நான்கு கோணத்தில் பார்க்கிறது: ஆய்வுமுறை உறுதியானதா, சம்பந்தப்பட்ட மக்களுக்கு நியாயமாக நடந்ததா, புதிதாகவும் தேவையானதாகவும் இருக்கிறதா, பயன்படுத்துபவர் கைக்கு ஏற்ற வடிவில் ஏற்ற நேரத்தில் போகிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண். எந்த நிலைக்கு எந்த எண் என்று விளக்கும் ரூப்ரிக் உண்டு. இவை தவிர ஐந்து சூழல் காரணிகளைத் தனியாகப் பதிய வேண்டும்: துறையின் முதிர்ச்சி, ஆய்வாளர்களின் திறன் வளர்ப்பு நோக்கம், தரவுச் சூழல், ஆய்வுச் சூழல், அரசியல் சூழல்.

இரண்டாவது கோணம்தான் இந்தக் கருவியின் உயிர். அதில் நான்கு உட்பிரிவுகள்: கெடுதல் விளையாமல் பார்த்துக்கொண்டார்களா, பாலினப் பார்வை இருக்கிறதா, விளிம்பில் இருப்பவர்களைச் சேர்த்தார்களா, உள்ளூர் அறிவை மதித்தார்களா. பங்களாதேஷில் குழாய்க் கிணறுகளின் ஆர்செனிக் நச்சின் அளவைச் சோதிக்கும் ஓர் ஆய்வை வைத்துப் பார்ப்போம். அந்நாட்டு வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. வரம்பைத் தாண்டிய கிணற்றின் குழாய்க்குச் சிவப்பு, தாண்டாததற்குப் பச்சை பூசுவார்கள். சோதனைக் கருவியின் பிழை, மாதிரி எடுத்த விதம், ஆய்வகத்தில் மறுபரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் முதல் கோணத்தில் 7 கொடுக்கலாம். ஆனால் சிவப்பு பூசப்பட்ட வீட்டுக்கு மாற்றுத் தண்ணீர் எங்கே என்று ஆய்வுக்குழு யோசிக்காவிட்டால், அந்தக் குடும்பம் குளத்து நீருக்குத் திரும்பும். குளத்து நீரின் வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் அந்தக் குழாய்க் கிணறுகளே போடப்பட்டன. இப்படிப்பட்ட ஆய்வு கெடுதல் தவிர்ப்பில் 3-ஐத் தாண்டக் கூடாது. மேற்கோள் எண்ணிக்கையில் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. இங்கே ஒரு தனி வரியாக நிற்கிறது.

இனி, எங்கே கெட்டுப்போகிறது என்பது. முதலாவது, சராசரி. எண் கையில் வந்ததும் ஸ்ப்ரெட்ஷீட்டில் கூட்டி வகுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 7-ம் 3-ம் சேர்ந்து 5 ஆகி, ‘பரவாயில்லை’ என்ற வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். எண்களைப் பிரித்தே காட்டுங்கள். ஆய்வுமுறையில் 4 அல்லது அதற்குக் கீழே வாங்கிய ஆய்வு, நான்காம் கோணமான பயன்பாட்டு ஆயத்தத்தில் 8 வாங்கினால் மகிழ வேண்டியதில்லை, பயப்பட வேண்டும். தவறான முடிவு வேகமாக ஊருக்குள் போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, சூழலுக்காக இரக்கப்படுவது. தரவே இல்லாத இடம், அரசியல் நெருக்கடி வேறு என்று மதிப்பீட்டாளர் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார். சூழல் பதிவு மதிப்பெண்ணோடு கூட்டுவதற்கு இல்லை. ஒரே 5 ஏன் ஓரிடத்தில் சாதனை, வேறிடத்தில் சோம்பல் என்று படித்துப் புரிந்துகொள்ளத்தான் அது.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: மதிப்பீட்டாளர் கையில் இறுதி அறிக்கையின் பிடிஎஃப் மட்டும் இருக்கும். அதை வைத்து இரண்டாம், நான்காம் கோணங்களுக்கு மதிப்பெண் போட முடியாது. மொழிபெயர்த்த கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழுவின் கடிதம், ஊர்க் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நிதி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆய்வாளர்களோடும் முடிவுகளைப் பயன்படுத்த வேண்டியவர்களோடும் நேர்காணல் தேவை. அதற்கான செலவையும் முன்பே ஒதுக்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் ‘மதிப்பிட இயலவில்லை’ என்று எழுதுங்கள், நடுவில் 4 போட்டு நிரப்பாதீர்கள்.

தொடங்கும்முன் ரூப்ரிக்கின் பொது வாசகங்களை உங்கள் துறைக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். பிறகு இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே ஆய்வைத் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட வேண்டும். 2 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால் வாசகம் தெளிவாக இல்லை என்று வைத்துக்கொண்டு அதைத் திருத்துவது நல்லது. இந்த ஒத்திகை இல்லாமல் இறங்கினால் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஐ.டி.ஆர்.சி இதைத் தன் 170 ஆய்வுகளில் பயன்படுத்திய முடிவு 2018-ல் நேச்சர் இதழில் வெளியானது. வளரும் நாட்டு ஆய்வாளர்களே நடத்திய ஆய்வுகள் தரத்தில் பின்தங்கவில்லை. திறன் வளர்ப்பு தரத்தைக் குறைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. நிதி தருபவர்களிடம் பல்லாண்டுகளாக ஊறிய சந்தேகத்துக்கு இது நல்ல பதில். ஆனால் எல்லாமே ஒரே நிறுவனம் தேர்ந்தெடுத்து நிதி கொடுத்த ஆய்வுகள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கருவி செய்யாத வேலையும் உண்டு. ஆய்வு உண்மையில் பயன்பட்டதா, கொள்கை மாறியதா, செலவுக்கேற்ற பலன் வந்ததா என்று சொல்லாது. பயன்படத் தயாராக இருந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தனி ஆய்வாளருக்குப் பதவி உயர்வு தருவதற்கும் இதை எடுக்காதீர்கள். ஒரு திட்டத்தின் பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராயும் நிதி அமைப்புக்கு நிச்சயம் பரிந்துரைக்கக்கூடிய கருவி. இரண்டு மூன்று சிறு நிதியுதவிகளை மட்டும் நடத்தும் அறக்கட்டளைக்கு முழு மதிப்பீடு பாரம். அவர்கள் உட்பிரிவுகளை மட்டும் எடுத்து, விண்ணப்பம் வரும்போதே கேட்கும் கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம்.