இரண்டரை நூல் போல்ட்டுக்கு வேலூரில் ஒரு கடை

பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். வருகிற லாரிக்காரர்களுக்கும் டிராக்டர்காரர்களுக்கும் பதில் சொல்லவே பொழுது போதவில்லையாம். ஆகவே அடையாளம் மட்டும் சொல்கிறேன். வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து லாங்கு பஜார் பக்கம் நடந்தால், மண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து திரும்பும். அதற்குள் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு போல்ட்-நட்டுக் கடை இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை தகர டப்பாக்கள். எதன் மேலும் எழுத்து கிடையாது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது கடைக்காரரான பாய்க்கு மட்டும்தான் தெரியும்.

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். மதராஸில் கட்டிய வண்டி, 948 சி.சி. எஞ்சின். அதை இறக்கிப் பிரித்தபோது ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் யாரையாவது பிடித்து வாங்கிவிட முடிந்தது. படுத்தியது போல்ட்தான். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. 1961இல் வெளிவந்த ஹெரால்டோ முழுக்க அங்குல வண்டி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல் ஒப்புக்கொண்ட யுனிஃபைடு மரைதான் அதில் இருக்கிறது. நட்டு ஏறும் இடங்களில் நெருக்க மரையான யு.என்.எஃப்., வார்ப்பிரும்புக்குள்ளும் அலுமினியத்துக்குள்ளும் இறங்கும் இடங்களில் பெரும்பாலும் அகல மரையான யு.என்.சி.

இது தெரியாத கடையில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் முன்பக்கத்தில் சில போல்ட்கள் ஓர் அலுமினியக் கட்டைக்குள் இறங்குகின்றன. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே மரை உரிந்து வந்துவிடும். பழைய இரண்டரை நூல் போல்ட்டை, ஒரு நூல் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, ஆக 5/16 அங்குலத்தை, காட்டியதும் வேறொரு கடையில் 8 மில்லிமீட்டரை எடுத்து நீட்டினார்கள். "அதேதான் சார், ஸ்பேனர் போட்டால் உட்கார்ந்துவிடும்." உட்காரும்தான். விட்டத்தில் 0.06 மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் மரை அங்குலத்துக்கு 18 இருக்க வேண்டிய இடத்தில் இருபதுக்குச் சற்று மேலே வருகிறது. இரண்டு மூன்று சுற்று தானாகப் போகும், பிறகு அலுமினியத்தை அறுத்துக்கொண்டு போகும். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் போல்ட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பாய் கடையில் நடந்தது வேறு. பழைய போல்ட்டை வாங்கியவர், முதலில் துணியால் எண்ணெயைத் துடைத்தார். வெர்னியரில் விட்டம் பார்த்தார், மரை நெருக்கத்தை அளக்கும் பிட்ச் கேஜின் பல்லை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார், பிறகு அளவு தெரிந்த ஒரு நட்டை விரலால் ஏற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் டப்பாவில் கை வைத்தார். "விரலால் போகாததை ஸ்பேனரால் அனுப்பாதீர்கள் சார்" என்றார். எனக்கே பாடமா என்று ஒரு கணம் கோபம் வந்தது. ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர் இன்று எத்தனை பேர்?

வேலூரில் அங்குலப் போல்ட் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று கேட்டேன். மாசி ஃபெர்கூசன் டிராக்டர்தான் காரணம் என்றார். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து விவசாயிகள் இன்னும் அதே மரையைத்தான் கேட்டு வருகிறார்களாம். கூடவே பழைய ஜீப்புகள், அம்பாசடர்கள், ஆம்பூர் பக்கத் தோல் தொழிற்சாலைகளின் வெளிநாட்டு இயந்திரங்கள். அந்தப் புண்ணியத்தில் என் ஹெரால்டுக்கும் கிடைத்தது.

தரம் பற்றி: சாதாரண மெல்லிரும்பு எம்.எஸ். போல்ட்டையும் உறுதி கூடிய ஹைடென்சிலையும் அவர் கலப்பதில்லை. ஹைடென்சில் என்று கொடுத்ததில் தலைமேல் மூன்று கோடுகள் இருந்தன. அது கிரேடு 5 என்ற உறுதித் தரம், மெட்ரிக்கில் 8.8க்கு ஏறக்குறைய நிகர். கோடே இல்லாததை எஞ்சினுக்குள் போடாதீர்கள், யார் என்ன சத்தியம் செய்தாலும் சரி. வாசலில் பளபளவென்று எவர்சில்வர் போல்ட் வைத்திருக்கிறார். கண்ணுக்கு அழகு, இறுக்கத்துக்கு ஹைடென்சில் அளவு தாங்காது. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் மூடிக்கு மட்டும் போதும். புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குப் பித்தளை நட்டு வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள ஸ்டட்டோடு சூட்டில் பிடித்துக்கொள்ளாமல் பிறகு கழற்ற வரும். சூடு தாங்காத நைலான் வளையம் வைத்த நட்டை அங்கே போடுகிறவர்களை என்ன சொல்வது!

பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் கேட்டபோது கையை விரித்தார். "அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்றார், அவ்வளவுதான். இந்தக் கடையை நான் நம்பத் தொடங்கியது அங்கேதான். ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு இழுபட்டு வேலை செய்கிற போல்ட் அது. அறுந்தால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். சுங்க வரியும் சேர்ந்து, பாயிடம் வாங்கிய மொத்தச் சாமானையும் விட அதிகம் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நூல் டப்பாவில் பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த்தும் யு.என்.சி.யும் கலந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 16 மரை, பல்லின் கோணம்தான் ஒன்றுக்கு 55 பாகை, மற்றதற்கு 60. கண் ஏமாறும், நட்டு ஏமாறாது. ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து எடுங்கள். சிலிண்டர் ஹெட்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஹெட் ஸ்டட் அவரிடம் இல்லை. பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து தரச் சொல்கிறேன் என்றார். மேனிபோல்டு ஸ்டட்டுக்கு ஒப்புக்கொண்டேன். ஒரு முனை அகல மரை, மறுமுனை நெருக்க மரை, ஈ.என்.8 என்ற எஃகுக் கம்பியில் சுத்தமாகவே கடைந்திருந்தார்கள். ஹெட் ஸ்டட்டுக்கு மறுத்துவிட்டேன். லேத்தில் வெட்டிய மரைக்கு, அச்சில் அழுத்தி உருட்டிய மரையின் உறுதி வராது. அதில் அவருக்குச் சற்று வருத்தம்.

விலை நியாயம். எண்ணிக்கை குறைவு என்று முகம் சுளிப்பதில்லை, ஒற்றை வாஷரும் தருவார். கேட்டால்தான் ரசீது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார். சந்துக்குள் இருசக்கர வண்டி கூட நிறுத்த முடியாது, கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து போங்கள். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போனில் படம் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.