ரேடியேட்டர் காற்றை வெளியேற்ற: சாவியா, தானியங்கி வால்வா?

பிரிட்டன் வீடுகளில் ஹீட்டிங் போட்டும் ரேடியேட்டரின் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) மேல்பகுதி சில்லென்று இருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. கீழே நடுவில் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் கசடு. அதற்குச் சாவி, தானியங்கி வால்வு இரண்டுமே உதவாது.

ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறக்கும் சிறு சாவி மலிவு. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். பம்ப் ஓடும்போது திருகைத் திறந்தால் சில அமைப்புகளில் காற்று உள்ளே இழுக்கப்படும். துணியும் கிண்ணமும் பிடித்து, இடப்புறமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. முழுதாகக் கழற்றினால் திருகு கையோடு வந்து கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் பீய்ச்சும். ‘உஸ்’ நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள். பிறகு பாய்லர் அழுத்தமானியைப் பாருங்கள்: ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அழுத்தம் மிகவும் குறைந்தால் காம்பி பாய்லர் (ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் சேர்த்துத் தருவது) நின்றுவிடும்.

காற்றைத் தானே வெளியேற்றும் தானியங்கி வால்வு கைக்கெட்டாத இடத்துக்கும், மாடியில் அடிக்கடி காற்றடைக்கும் ரேடியேட்டருக்கும் நல்லது. சில வகையில் நனைந்தால் உப்பும் நார்த் தட்டுகள் வழியை அடைக்கும், சிலவற்றில் மிதவை. கசடு படிந்தால் இரண்டும் சொட்டும். மாட்டுவதற்கு ரேடியேட்டரின் இருபக்க வால்வையும் மூடிச் சிறிது தண்ணீர் இறக்க வேண்டும்.

எங்கள் தேர்வு சாவிதான். வாரந்தோறும் காற்று சேர்ந்தால் அது கசிவின் அல்லது துருவின் அறிகுறி. தானியங்கி வால்வு அதை மறைத்துவிடும். அப்போது கசிவைத் தேடி, ஹீட்டிங் தண்ணீரில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்தின் அளவைச் சோதியுங்கள்.