எண்ணா, படிவமா, ஒரே விபத்தா? தீயணைப்புப் பாதுகாப்பு ஆய்வுக்கு மூன்று வழிகள்

ஜனவரி பிறந்ததும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு என் மேசைக்கு வரத் தொடங்குவார்கள். "தீயணைப்புத் துறையில் பாதுகாப்பு" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது உண்டு. உள்ளே புரட்டினால் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து இருக்கும். 2004 ஜூலை 16, கீற்றுக் கூரை, 94 குழந்தைகள். மறக்கக் கூடாத நாள்தான். ஆனால் அது பள்ளிக் கட்டடத்தின் பாதுகாப்பு பற்றிய பாடம். தீயை அணைக்க உள்ளே போகிறவர் உயிரோடு வெளியே வருவது வேறு பொருள். தலைப்பில் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைப் பற்றி 60 பக்கம் எழுதிய கட்டுரைகள் எங்கள் துறை அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

சரி, வீரரின் பாதுகாப்புதான் பொருள் என்று முடிவாகிவிட்டது. எப்படி எழுதுவது? மாணவர்கள் கையில் எடுக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று: அரசு வெளியிடும் புள்ளிவிவரத்தை வைத்து எழுதுவது, நிலையத்தில் வினாப்படிவம் கொடுத்து எழுதுவது, ஏதாவது ஒரு விபத்தை எடுத்து அக்கக்காகப் பிரித்து எழுதுவது.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்கள் பற்றிய அறிக்கை வெளியிடுகிறது. தீ விபத்து மரணங்களை மின்கசிவு, எரிவாயு உருளை அல்லது அடுப்பு வெடித்தல், பட்டாசு என்று காரணம் பிரித்துத் தருகிறது. வீட்டிலா, தொழிற்சாலையிலா என்று இடமும் தருகிறது. செலவில்லை, அலைச்சல் இல்லை, விடுதி அறையிலேயே உட்கார்ந்து வரைபடம் போடலாம். ஆனால் இறந்தவர் தீயில் அகப்பட்டுக்கொண்டவரா, அணைக்கப் போனவரா என்று அந்த அட்டவணை பிரித்துக் காட்டுவதில்லை. நம் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் எத்தனை வண்ணத்தில் வரைபடம் போட்டு என்ன பயன்? முன்னுரையில் ஒரு பத்திக்கு இது போதும்.

வினாப்படிவம் அப்படியல்ல. களத்துக்குப் போகிறோம், மனிதர்களைப் பார்க்கிறோம், வாய்மொழித் தேர்விலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதனால்தான் பாதிப் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த ஒரு மாணவி 40 படிவங்களோடு திரும்பி வந்தாள். "பாதுகாப்புக் கருவிகள் போதுமானவையாக உள்ளனவா?" என்ற கேள்விக்கு எதிரே ஐந்து கட்டங்கள், 'மிகவும் திருப்தி' தொடங்கி 'மிகவும் அதிருப்தி' வரை. ஏறக்குறைய எல்லோரும் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். அதுவும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில். காலை அணிவகுப்பு முடிந்ததும் படிவங்களை மேசையில் வைத்து, ஒரே பேனாவைக் கை மாற்றி நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. மேலதிகாரி நிற்க, சீருடையில் இருப்பவரிடம் "உங்கள் கருவி சரியில்லையா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அந்த 40 தாளும் சொன்னது ஒன்றைத்தான்: கேட்ட முறை தவறு.

அவளை மறுபடியும் அனுப்பினேன், படிவம் இல்லாமல். பயிற்சி நேரத்தில் ஓரமாக நின்று பார், ஒரே ஒரு கேள்வி கேள் என்றேன். "கடைசியாக எந்த அழைப்பில் பயந்தீர்கள், அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். மூத்த வீரர் ஒருவர் சொன்ன பதில்: "கிணறுதாம்மா. நெருப்பென்றால் கண்ணுக்குத் தெரியும். கிணற்றுக்குள் காற்று கெட்டுப்போயிருப்பது எங்கே தெரியும்?" தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்ற பெயரில் 'மீட்பு' என்ற சொல் இருப்பதை நாங்கள் இருவருமே அதுவரை கவனித்திருக்கவில்லை.

அதே நாளில் அவள் குறித்துக்கொண்டு வந்த இன்னொன்று 'பி.ஏ. செட்' கணக்கு. முதுகில் மாட்டும் சுவாசக் கருவியை நிலையத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 50 நிமிடம் வரும், தாளில். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவருக்கு 60, 70 லிட்டர் செலவாகும். அரை மணியில் உருளை காலி. அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கும்போது கருவியிலுள்ள எச்சரிக்கை விசில் அலறும். அதற்கு முன்பே திரும்பி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால், யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று வாசலில் நின்று குறித்துவைப்பவர் யார்? ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வியே தாங்கும். படிவத்தில் இது வரவே வராது.

மூன்றாவது வழி ஒரு விபத்தை எடுத்துக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான், அதன் தொல்லைகள் எல்லாம் தெரிந்தே சொல்கிறேன். 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய கலச மகாலில் தீப்பிடித்தது. கூரை இடிந்து விழுந்து வீரர் ஒருவர் இறந்தார். கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயமடைந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீயை அணைக்கும் வேலை நடக்கும்போதே சிலிண்டர் வெடித்தது. வீரர் ஒருவர் இறந்தார், வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் பலர் தீக்காயமடைந்தனர். 2020 தீபாவளி இரவு மதுரையில் ஜவுளிக்கடை இருந்த பழைய கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தனர். மூன்றில் இரண்டு கட்டட இடிபாடு என்பதைக் கவனியுங்கள். புள்ளிவிவர அட்டவணை இவற்றை வெறும் தீ விபத்து என்றுதான் பதிந்துகொள்ளும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது யாரும் சாகாத ஒரு தீ. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் துணிக்கடைக் கட்டடம் ஒன்று பற்றி, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. அணைக்கப் போனவர்களில் ஒருவர் உயிரும் போகவில்லை. எந்த நேரத்தில் "உள்ளே போகாதே" என்று முடிவெடுக்கப்படுகிறது, யார் எடுக்கிறார் என்ற ஒப்பீடு கட்டுரைக்கு முதுகெலும்பாக நிற்கும்.

தொல்லை ஆவணத்தில். நாளிதழ்களில் நேரம் ஒரு மாதிரி இருக்காது. வந்த வண்டிகளின் எண்ணிக்கை பேப்பருக்குப் பேப்பர் மாறும். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருந்தால் பிரிவு 8(1)(h)ஐக் காட்டி மறுக்க வழி இருக்கிறது. ஆகவே பழைய விபத்தாக எடுப்பது நல்லது.

இந்தத் தொல்லைக்குப் பயந்து அமெரிக்க அறிக்கைகளுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அங்கே வீரர் இறந்தால் விசாரித்து அறிக்கை வெளியிட 1998 முதல் தனித் திட்டமே இருக்கிறது. 2007இல் சார்ல்ஸ்டன் நகரில் சோபா கடைத் தீயில் ஒன்பது வீரர்கள் இறந்த அறிக்கையைப் படித்தால், வாக்கிடாக்கியில் பேசியது வரை நேரவாரியாகக் கிடைக்கும். கேள்வி கேட்கும் முறையைக் கற்க அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. பரிந்துரையை மட்டும் அப்படியே தூக்கி இங்கே ஒட்டாதீர்கள். அங்கே தகரமும் இரும்புச் சட்டமும் போட்ட பரந்த கடைக் கூரை. இங்கே பழைய சென்னைக் கட்டடம் என்றால் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். உத்திரம் கருகினால் மேலே உள்ள பாரம் மொத்தமாக இறங்கும். ஜன்னலில் கம்பி, தெருவில் இரண்டு பக்கமும் பைக் என்பவை வேறு.

நான்காவதாக ஒரு வழி கேட்டு இப்போது சிலர் வருகிறார்கள்: புற்றுநோய். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே முதல் வகை, அதாவது உறுதியான, புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. பொருள் கனமானதுதான், ஆனால் 20 ஆண்டு பின்தொடர வேண்டியதை ஒரு செமஸ்டரில் எப்படித் தொடுவது? புகைக்கரி படிந்த சீருடை எங்கே துவைக்கப்படுகிறது, நிலையத்திலா வீட்டிலா என்று மட்டும் பார்த்து எழுதினால் முடியும்.

நாள் கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். அட்டவணைக்கு ஒரு வாரம், படிவத்துக்கு ஒரு மாதம், ஒற்றை விபத்துக்கு செமஸ்டர் முழுவதும். தாமதமாகத் தொடங்கியவர் பயிற்சியை நின்று பார்த்து எழுதும் வழிக்குப் போகட்டும். அதற்கும் மாவட்ட அலுவலரிடம் கல்லூரிக் கடிதத்தோடு முன்அனுமதி வேண்டும். மதுரைப் பிள்ளைகள் மதுரை விபத்தையே எடுக்கலாம். அந்தத் தெருவுக்கு ஒரு டேப்பைக் கொண்டுபோய் அகலத்தை அளந்துவிட்டு, அடுத்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் அகலத்தையும் அளந்துகொண்டு என்னிடம் வாருங்கள். இறந்தவர்களின் வீட்டுக் கதவை மட்டும் தட்ட வேண்டாம்.