எங்க அபார்ட்மென்ட் மாடில சோலார் போட்டுக் குடுத்த கம்பெனி எப்படி?
லிஃப்ட், போர் மோட்டார், படிக்கட்டு லைட்டுனு காமன் ஏரியாவுக்கு மட்டும்தான் போட்டோம். டிசைன் செம. மத்த கம்பெனிக்காரங்க மாடி ஃபுல்லா பேனல் அடுக்கிடலாம்னு வந்தாங்க, இவங்கதான் பழைய ஈபி பில்லெல்லாம் வாங்கிப் பாத்துட்டு, ஒரு கிலோவாட் நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், உங்க செலவுக்கு 10 கிலோவாட் போதும், அதுக்கு மேல போட்டா காசு தண்டம்னு சொல்லி அதோட நிறுத்துனாங்க, பேட்டரியும் வேணாம், டைமர் வச்சு மோட்டாரை மதியம் ஓட்டுங்கன்னாங்க. மத்திய அரசோட சூர்ய கர்ங்கற மாடி சோலார் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம், அதுக்கும் அவங்களே அப்ளை பண்ணாங்க.

சர்வீஸ்தான் மோசம். சாயங்காலமானா வாட்டர் டேங்க் நிழல் ஓரத்து பேனல் மேல விழுது, மாத்தி வைங்கன்னு போன் போட்டா எடுக்கறதே இல்ல. தொடைக்க பைப்பும் இழுக்கல, வாட்ச்மேன் அண்ணன் பக்கெட் தூக்கிட்டு ஏறுறாரு பாவம். 3.5 ஸ்டார்.