மேட் ஃபவுண்டேஷன், ஐம்பது வயது முகம், கடலூர் வெயில்

பாண்டிச்சேரியில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் போன் செய்து, "அண்ணி, நீங்க போடுற ஃபவுண்டேஷன் ஆஃபர்ல வந்திருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். அவள் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் தன் முகமும் கொஞ்சம் தெளிவாக, வயது தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நியாயமான ஆசைதான். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். 'மேட்' (பளபளப்பு இல்லாதது), 'லாங் வேர்' (நெடுநேரம் நிற்பது) என்று போட்டு நடுத்தர விலையில் வரும் பாட்டில்களில் ஒன்று. சில வருடமாக அதைத்தான் வாங்கிப் போடுகிறேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பாராட்டு. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் வைகாசி முகூர்த்தத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள், ஒரு மேளத்தின் மேல் இன்னொரு மேளம், நகர இடமில்லாத கூட்டம், கடல்காற்று எட்டாத புழுக்கம். அந்த நெரிசலில் தாலி கட்டும் வரை நின்றேன். வியர்வை கழுத்தில் ஓடியது, முகத்தில் போட்டது ஓடவில்லை. ஜாக்கெட் கழுத்தில் கறை இல்லை. கன்னத்தில் எனக்கு மங்கு (கருந்திட்டு) உண்டு, அதை இந்த அளவுக்கு மறைத்த வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பரு வரவில்லை, அரிப்பு வரவில்லை. பம்ப் வைத்த பாட்டில் என்பதால் வீணாவதும் குறைவு. இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று பந்தியில் உட்கார்வதற்குள்ளேயே அது வேலையைக் காட்டிவிட்டது. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் கோடு இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்ன கோடுகளிலும் அப்படியே. வீட்டில் கண்ணாடி முன்னால் பார்த்தபோது இருக்கிறதே தெரியாத கோடுகள், சிரித்துப் பேசி நாலு பேரை விசாரித்த பிறகு பென்சிலால் வரைந்தது போல நின்றன. போட்டோவில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்த ஒவ்வொரு படத்திலும் அது தெரிகிறது. என்னைவிட மூத்த என் அக்கா முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். படங்களில் அவள்தான் இளையவளாகத் தெரிகிறாள். இது ஒரு தடவை நடந்ததில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் இதேதான். மாய்ஸ்சரைசர் மாற்றிப் பார்த்தாலும், குறைவாகப் பூசினாலும், ஈர ஸ்பாஞ்ச் வைத்து ஒற்றினாலும் இதேதான்.

காரணம் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது. இந்த வகையில் சீக்கிரம் ஆவியாகும் திரவங்கள் இருக்கும். அவை போன பிறகு நிறமும் பிடித்துக்கொள்ளும் பொருளும் ஒரு மெல்லிய படலமாக முகத்தில் நிற்கும். அதனால்தான் வியர்வைக்குக் கரைவதில்லை. கூடவே எண்ணெயை உறிஞ்சும் சிலிகா போன்ற தூள்கள். இருபத்தைந்து வயது எண்ணெய் முகத்துக்கு இது வரம். மாதவிலக்கு நிற்கும் வயதில் எண்ணெய்ப் பசை குறைகிறது, தோல் மெலிகிறது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். அந்தத் தோலிடம் மிச்சமிருக்கும் பசையையும் உறிஞ்சிவிட்டு, மேலே வளையாத ஒரு படலத்தைப் போட்டால் முகம் அசையும்போது அது மடிப்புக்குள்தானே ஒதுங்கும்? இது தெரியாமலா தயாரிக்கிறார்கள்? தெரிந்தும் அட்டையில் 'இளமைத் தோற்றம்' என்று அச்சடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். வியர்வை தாங்கும் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

இதற்கு மேல் பவுடர் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் முகப் பவுடருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. லாரன்ஸ் ரோடு கடையில், "பவுடர் விலை இறங்கிடுச்சும்மா, மேலே இதையும் ஒரு கோட் போட்டா அசையாது" என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். நம் வயதில் முகம் முழுக்கப் பவுடர் போடுவதைப் போல வயதைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. மூக்கு நுனி, நெற்றி நடு, அவ்வளவு போதும். கண்ணுக்குக் கீழே கூடவே கூடாது. (பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்று பஸ் ஏறிப் போனதெல்லாம் 2017 ஜூலைக்கு முந்திய கதை. இப்போது இரண்டு ஊரிலும் ஒரே வரிதான்.)

சரி, அப்புறம் எதுதான் வயதைக் குறைத்துக் காட்டுகிறது? நான் எதிர்பார்க்காத இடத்தில் அது கிடைத்தது. புருவப் பென்சில்.

2013ல் 'பிளாஸ் ஒன்' என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. வயது ஏற ஏற, முகத் தோலுக்கும் கண், புருவம், உதடு ஆகியவற்றுக்கும் இடையே உள்ள நிற வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. உதட்டின் சிவப்பு மங்குகிறது, புருவம் வெளிறுகிறது. பார்ப்பவர்கள் அறியாமலே அதை வைத்தும் வயதைக் கணிக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் முகம் இளமையாகத் தெரிகிறது. முதலில் பார்த்தது பிரெஞ்சுப் பெண்களின் முகங்கள். 2017ல் சீன, லத்தீன் அமெரிக்க, தென்னாப்பிரிக்கப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. படித்ததும் எனக்கு நம் பாட்டிமார் நினைவுதான் வந்தது. கண்ணில் மை, நெற்றியில் குங்குமம், வெற்றிலை போட்ட உதடு. சுருக்கத்தை மறைக்க அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. நிறம் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். கறுப்புப் பென்சில் வேண்டாம், முகத்தைக் கடுமையாக்கும். அடர் பழுப்பு எடுத்து, புருவத்தில் முடி இல்லாத இடத்தில் மட்டும், முக்கியமாக வால் பகுதியில், முடி மாதிரி சின்னச் சின்னதாக இழுக்கிறேன். மை கீழ் இமையில் இல்லை. நம் ஊர் வியர்வையில் அது இறங்கிக் கருவளையத்தைக் கூட்டும். மேல் இமையில், முடி முளைக்கும் ஓரத்தில் மட்டும். உதட்டுக்கு செங்கல் சிவப்பு, மினுமினுப்பும் வேண்டாம், வறண்ட மேட்டும் வேண்டாம், க்ரீம் வகை. அதையே கொஞ்சம் விரலில் தொட்டு, கன்னத்தில் சற்று மேலே ஒற்றிவிடுகிறேன். கருவளையத்துக்கு ஆரஞ்சு சாயல் கரெக்டர் ஒரு துளி. அது நீலம் கலந்த கருமையைச் சமன் செய்துவிடுவதால் மேலே கன்சீலர் (கறையை மறைக்கும் க்ரீம்) கனமாகப் பூச வேண்டியதில்லை. முகம் முழுக்க நிறம் உள்ள சன்ஸ்கிரீன் மட்டும். அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, மங்கைக் கூட்டும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாதி நாள் இப்படியே நின்றேன். நெற்றியில் கொஞ்சம் கலைந்தது, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டேன். ஒரு கோடும் தெரியவில்லை. பக்கத்துத் தெரு அம்மா, "ஊருக்குப் போய் நல்லா தூங்கி எழுந்து வந்தியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்த ஃபவுண்டேஷனும் எனக்கு வாங்கித் தந்ததில்லை.

ஃபவுண்டேஷன் ஷேட் (நிறச் சாயல்) பற்றி ஒன்று. பெரிய கடைகளில் டியூப் லைட்டுக்குக் கீழே, புறங்கையில் தடவி, நம் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள். வெளியே வந்தால் முகம் சாம்பல் பூத்து நிற்கிறது. தாடை ஓரத்தில் தடவச் சொல்லுங்கள், கடைவீதியில் கால் மணி நேரம் நடந்துவிட்டு, வெயிலில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். காய்ந்த பிறகு சிலது ஒரு படி கறுக்கும்.

வியர்வைக்கு இந்த ஃபவுண்டேஷனைவிட நல்லது நான் பயன்படுத்தியதில்லை, மங்கை மறைப்பதிலும் இல்லை. இருந்தும் ஐந்துக்கு ஒன்றரைதான் கொடுப்பேன். இளமை என்று சொல்லி விற்றதற்காக அந்த மூன்றரையை வெட்டுகிறேன்.

அதனால், நாத்தனாரே, ஆஃபரை விடு. அந்தப் பணத்தில் ஒரு நல்ல புருவப் பென்சிலும் லிப்ஸ்டிக்கும் வாங்கினாலே மிச்சம் இருக்கும். பெண் பார்க்க வரும் நாளுக்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் போட்டுக்கொண்டு சமையலறையில் ஒரு மணி நேரம் வேலை பார், அப்புறம் வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார். கன்னத்துத் திட்டுக்கு மட்டும் ஏதாவது வேண்டுமென்றால் என் பாட்டிலில் பாதிக்கு மேல் இருக்கிறது. பின்னால் 12 மாதம் என்று போட்டிருக்கிறது, திறந்து இன்னும் பாதி காலம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்து வருகிறேன்.