ஃபார்முலா ஒன்னா, மோட்டோ ஜிபியா? நான் பைக் பக்கம் போன காரணம்

2021 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கீழக்கரையில் எங்கள் வீட்டு டிவி முன்னால் எட்டுப் பேர். மச்சான் அபுதாபியில் வேலை பார்க்கிறார். அன்று அங்கே யாஸ் மரீனா பாதையில் நடந்த ஃபார்முலா ஒன் கார் ரேஸைக் கேலரியிலேயே உட்கார்ந்து பார்த்தார். ரேஸ் முடிந்ததும் போன் அடித்தார். "மச்சான், நேர்ல பார்த்தும் ஒண்ணும் புரியல. அந்த அஞ்சு காரை மட்டும் ஏன் முன்னால விட்டாங்க?" எட்டுப் பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை.

மொத்தம் 58 சுற்று. 53ஆவது சுற்றில் லத்தீஃபி என்ற ஓட்டுநர் சுவரில் மோத, எல்லாரையும் மெதுவாகப் பின்னால் வர வைக்கும் சேஃப்டி கார் வந்தது. முதலில் ஹாமில்டன், அவருக்குப் பின்னால் வெர்ஸ்டாப்பன், நடுவே ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள். ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசி அந்த ஐந்தை மட்டும் முந்திப் போகச் சொன்னார். பின்தங்கிய மற்ற கார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே இப்போது யாரும் இல்லை. கடைசி ஒரு சுற்றுக்கு ரேஸைத் திறந்துவிட்டார்கள். புது டயரில் இருந்த வெர்ஸ்டாப்பன் ஐந்தாவது திருப்பத்தில் முந்தி உலக சாம்பியன் ஆனார். மாசியைப் பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். கார் ரேஸ்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ மார்ச்சில் விட்ட அறிக்கை மனிதத் தவறு என்றது. முடிவு அப்படியே நின்றது. நான் ஹாமில்டன் ரசிகன் இல்லை. ஆனாலும் அந்த ராத்திரி எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த சீசனிலிருந்து பைக் ரேஸான மோட்டோ ஜிபி பார்க்க ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

காரா பைக்கா, எது அழகு என்பதெல்லாம் அவரவர் ருசி. பைக் ரேஸ் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கார் ரேஸ் ஒன்றரை மணி நேரம் போகும். இதை வைத்தெல்லாம் நான் முடிவு செய்யவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: தப்பு செய்தவருக்குத் தண்டனை என் கண்முன்னால் தீருகிறதா, இல்லையா?

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படகு சாயாமல் இருக்க ஓரத்தில் தொங்குகிறவர்கள், பாயை இழுத்துத் திருப்புகிறவர்கள், எல்லாமே கரையில் நிற்கிறவனுக்குத் தெரியும். எந்தப் படகு முந்தியது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஃபார்முலா ஒன்னில் வழக்கமான தண்டனை ஐந்து வினாடி, பத்து வினாடி. டயர் மாற்றப் பிட்டுக்கு வரும்போது காரை நிறுத்தி வைத்துக் கழிப்பார்கள். அதற்குமேல் பிட்டுக்கு வரவில்லையென்றால் கடைசி நேரத்தோடு கூட்டிவிடுவார்கள். அதாவது முதலில் வந்தவர் முதலில் வந்தவர் இல்லை. 2019 கனடாவில் வெட்டல்தான் முதலில் கோட்டைத் தாண்டினார். புல்லில் இறங்கி ஏறும்போது ஹாமில்டனை நெருக்கினார் என்று ஐந்து வினாடி, வெற்றி ஹாமில்டனுக்கு. வெட்டல் நேரே நடந்து போய், யார் எத்தனையாவது என்று காட்ட ஹாமில்டன் கார் முன்னால் வைத்திருந்த 1 என்ற பலகையைத் தூக்கி, தன் கார் நிற்க வேண்டிய காலி இடத்தில் வைத்தார். 2 என்ற பலகை ஹாமில்டன் கார் முன்னால் போனது. நமக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். தூக்கம் போனதுதான் மிச்சம்.

2023 ஆஸ்திரியா இன்னும் மோசம். பாதை ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே போனவர்களின் கணக்கு ரேஸ் நேரத்தில் முடியவில்லை. எல்லாரும் டிவியை அணைத்த பிறகு எட்டு ஓட்டுநர்களுக்குப் பெனால்டி. நாலாவதாக வந்த சைன்ஸ் ஆறாவது ஆனார்.

மோட்டோ ஜிபியில் 2019 முதல் லாங் லேப் இருக்கிறது. ஒரு திருப்பத்தின் வெளிப்பக்கம் தனியாகப் பாதை வரைந்திருப்பார்கள். தண்டனை அறிவித்த மூன்று சுற்றுக்குள் அந்தப் பாதை வழியே சுற்றிவிட்டு வர வேண்டும். பைக்கர் வேகத்தைக் குறைத்து வெளியே அகன்று போவார், அந்த நேரத்தில் உள்பக்கமாக இரண்டு மூன்று பேர் அவரைத் தாண்டிப் போவார்கள். கோட்டை மிதித்தால் மறுபடியும் போக வேண்டும். போய் வந்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. மிச்சச் சுற்றுகளில் விட்டதைப் பிடிக்கலாம். பல தடவை பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சந்தோஷமே தனி. அப்புறம், இங்கே நடுவர் குழு வருடம் முழுக்க ஒன்றுதான். 2025 முதல் சைமன் கிராஃபர் தலைமை. திட்டுவதென்றாலும் யாரைத் திட்டுவது என்று தெரியும். ஃபார்முலா ஒன்னில் ரேஸுக்கு ரேஸ் குழு மாறும், போன வாரம் சரியென்றது இந்த வாரம் தப்பாகும்.

பைக் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். டயரில் காற்று இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்ற டயர் பிரஷர் விதி என் வாதத்தில் பெரிய ஓட்டை. 2025 கத்தாரில் வின்யாலெஸ் இரண்டாவதாக வந்தார். பிரஷர் குறைவு என்று ரேஸுக்குப் பிறகு 16 வினாடி கூட்டி 14ஆவது இடத்துக்குத் தள்ளினார்கள். ஆஸ்திரியாவில் எனக்கு வந்த அதே கோபம் அன்றும் வந்தது. 2023இல் மார்க்கேஸுக்குக் கொடுத்த இரட்டை லாங் லேப்பும் அப்படித்தான். அர்ஜென்டினா ரேஸுக்கென்று எழுதினார்கள், அவர் காயத்தால் அங்கே ஓட்டவில்லை என்றதும் அடுத்து ஓட்டும் ரேஸுக்கென்று மாற்றி எழுதினார்கள். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. என் அனுபவமும் 2022க்குப் பிறகுதான், அதுவும் டிவியில். இருபது வருடமாகப் பைக் பார்க்கிறவர்கள் இன்னும் பத்துக் குறை சொல்லக்கூடும்.

ஆனால் ஃபார்முலா ஒன் மேல் என் வருத்தம் அபுதாபியில் தொடங்கியது இல்லை. 2005 இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் பிட்டுக்குள் போய்விட்டன. வேகத்தைக் குறைக்க ஒரு வளைவு வைக்கலாம் என்று அணிகள் கேட்டதற்கு எஃப்ஐஏ மறுத்தது. ஆறே கார்கள் ஓடின. அதில் நம் நாராயண் கார்த்திகேயன் நாலாவது. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் அன்று கிடைத்த ஐந்துதான். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நாள் அது. பேப்பரில் படித்தபோது பாதிச் சந்தோஷம்தான் வந்தது.

ஐரோப்பிய ரேஸ்கள் என்றால் பைக் நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு மாலை ஐந்தரைக்குத் தொடங்கும், கார் ஆறரைக்கு. புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் ஒரே ஞாயிற்றில் இரண்டும் இருக்கும் நாளாகப் பார்த்து உட்காருங்கள். லாங் லேப் ஒன்று வந்தால் அந்தப் பைக்கரையே கடைசி வரை கவனியுங்கள். மச்சான் இன்னும் கார் பக்கம்தான். அடுத்த லீவில் வரும்போது அவரையும் அப்படி உட்கார வைக்கப் போகிறேன்.